‘பூனை, பால்’... அதற்கு அப்புறம்?

கேள்வி: ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது பேருக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை இருக்கிறார்கள். நான் பி.காம். படித்தவள், ஆசிரியப் பயிற்சி கிடையாது. நாகர்கோவிலில் படச் சார்ட்டுகள் வாங்கி மாட்டி, ஐந்து மாதத்தில் இருநூறு சொல்லுக்கு மேல் படிக்க வைத்துவிட்டேன். எதைத் தொட்டாலும் பெயர் சொல்கிறார்கள். ஆனால் வாக்கியம் வரவில்லை. பூனை பால் குடிக்கும் படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்டால், ‘பூனை, பால்’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். வேற்றுமை உருபு, காலம் எல்லாவற்றையும் இலக்கணமாகவே நடத்திவிடலாமா? இரண்டு பையன்கள் வாயே திறப்பதில்லை. அவர்களை என்ன செய்வது?
– ஒரு வாசகி, தோவாளை வட்டம்

பதில்: பிள்ளைகள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே அம்மா! ஐந்து மாதமாக நீங்கள் படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டிருக்கிறீர்கள். படம் என்றால் பெயர் சொல்ல வேண்டும் என்று அவர்களும் பழகிவிட்டார்கள். பூனைப் படத்திலும் அதையே செய்கிறார்கள். பூனை இருக்கிறது, பால் இருக்கிறது, இரண்டையும் சொல்லியாயிற்று. அது குடிப்பது உங்களுக்கும் தெரிகிறது, அவர்களுக்கும் தெரிகிறது. இருவருக்கும் தெரிந்த விஷயத்தை யார் மெனக்கெட்டு முழு வாக்கியமாகச் சொல்வார்கள்?

நானும் இதே இடத்தில் இடறி விழுந்தவன்தான். விளவங்கோடு வட்டத்தில், மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற ஓர் ஊரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது, பெரிய சந்தைப் படம் ஒன்றை வகுப்பில் மாட்டினேன். மீன்காரி, வாழைக்குலை, மாட்டுவண்டி, பலூன்காரர் என்று படம் நிறைய ஆட்கள். நாற்பது நிமிடமும் பெயர்கள்தான் வந்தன. சாளை, மரச்சீனி, ஏத்தங்குலை, மட்டிப்பழம் என்று படத்தில் இல்லாததைக்கூடச் சொன்னார்கள். ஒரு வினைச்சொல் வரவில்லை. படத்தில் நிறைய இருந்தால் பேச்சும் நிறைய வரும் என்று நான் போட்ட கணக்கு அன்றோடு போயிற்று.

சில மாதம் கழித்து, கரும்பலகையில் நாய் ஒன்று கோழியைத் துரத்துவதுபோல வரைந்தேன். வரைந்தேன் என்பது பெரிய வார்த்தை, நாய்க்கு ஆட்டின் சாயல்தான் வந்தது. ‘நாய் கோழியைத் துரத்துகிறது’ என்று நான் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “இல்ல சாரே, கோழியாக்கும் நாயத் தொரத்துது” என்றான். அவன் வீட்டுக் கோழி குஞ்சு பொரித்திருந்ததாம். தெருநாய் கிட்டே வந்தால் சிறகை விரித்துக்கொண்டு சாடுமாம். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் பக்கத்திலேயே இன்னொரு படம் போட்டேன். அதில் நாய் முன்னால் ஓடுகிறது, கோழி பின்னால். அப்புறம் அரை மணி நேரம் ‘நாயை’, ‘கோழியை’ என்று ஒரே சண்டை. இரண்டாம் வேற்றுமை என்ற பெயரை நான் எடுக்கவே இல்லை.

ஒற்றைப் படம் சொல்லைத்தான் கொடுக்கும். இலக்கணம் வேண்டுமென்றால் இரண்டு படம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சொல்ல உருபையோ வினையின் கடைசி எழுத்தையோ விட்டால் வேறு வழி இருக்கக்கூடாது. உங்கள் சார்ட்டில் இல்லாமல் போனது இதுதான்.

உங்கள் பூனைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். ‘ஐ’ சொல்லிக்கொடுக்க அது உதவாது. ‘பூனை பால் குடிக்கிறது’ என்று நாமே ஐ இல்லாமல்தானே சொல்கிறோம்? பள்ளியில் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று படித்தது இதைத்தான். பால் எந்தக் காலத்திலும் பூனையைக் குடிக்கப்போவதில்லை, அதனால் ஐ இல்லாவிட்டாலும் குழப்பம் இல்லை. நாயும் பூனையும் என்று வந்தால் கதை வேறு. ‘நாய் பூனை துரத்துகிறது’ என்றால் யார் யாரைத் துரத்துவது? ஆகவே ஐ-யை உயிருள்ள ஜோடிகளில் தொடங்குங்கள். நாய், பூனை. அக்கா, தம்பி. அப்பா குழந்தையைத் தூக்குகிறார், குழந்தை அப்பாவைத் தூக்குகிறது. பின்னதுக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு எழுத்துகூடத் தெரிய வேண்டாம். நாய்க்கு ஓர் அட்டை, பூனைக்கு ஓர் அட்டை, ஓடுகிற கால்கள் வரைந்து ‘துரத்துகிறது’ என்று ஓர் அட்டை. துணி காயப்போடும் கிளிப் ஒன்று, சிவப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. கிளிப் மாட்டிய அட்டைக்கு ஐ போட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கிளிப்பைப் பூனையில் மாட்டினால் ‘நாய் பூனையைத் துரத்துகிறது’. கிளிப்பை நாய்க்கு மாற்றினால் ஓட்டமே தலைகீழ். கிளிப்பை மறுபடி பூனையிலேயே மாட்டி, அதைத் தொடாமல் நாய் அட்டையையும் பூனை அட்டையையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். ‘பூனையை நாய் துரத்துகிறது’. இப்போதும் துரத்துவது நாய்தான். தமிழில் பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைவிட வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. பத்துப் பக்க விளக்கத்தை அந்தக் கிளிப் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

பழகியதும் நீங்கள் நடுவிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். தரையில் நான்கு படம் பரப்புங்கள். நாய் பூனையைத் துரத்துவது, பூனை நாயைத் துரத்துவது, நாய் பூனையை நக்குவது, பூனை நாயை நக்குவது. ஒரு பிள்ளை மனதுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், இன்னொரு பிள்ளை எடுக்க வேண்டும். ‘நாய், பூனை’ என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவன் எந்தப் படத்தை எடுப்பான்? முழிப்பான். சொன்னவன் தானாகவே இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வான். ‘முழு வாக்கியமாச் சொல்லு’ என்று நீங்கள் நூறு தடவை சொன்னாலும் வராதது அந்த முழிப்பில் வந்துவிடும்.

பிள்ளைகள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஜார்க்கண்ட் என்றதும் இந்தி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சாத்ரி, முண்டாரி, சந்தாலி, குரூக் என்று அங்கே பல மொழி. தாய்மார்களிடம் கேளுங்கள். குரூக் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள், அது நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ‘நான்’ என்பதற்கு ‘ஏன்’, ‘நீ’ என்பதற்கு ‘நீன்’. நம்முடைய என், எனக்கு, என்னை எல்லாம் அந்தக் குழந்தைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

எப்படியும் பள்ளியிலும் கடையிலும் இந்தி காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகள்தான். அதில் உங்களுக்கு ஒரு லாபமும் ஒரு தொல்லையும் உண்டு. லாபம், இந்தியிலும் வினை கடைசியில்தான் வரும். பூனை பால் குடிப்பதைச் சொல்ல அங்கேயும் பாலுக்கு உருபு வேண்டாம், பெரும்பாலும் உயிருள்ளது வந்தால்தான் ‘கோ’ வரும். நாம் மேலே பார்த்த ஐ-யின் கணக்கு பாதி அவர்கள் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தொல்லை என்னவென்றால், நம் ஐ-க்கும் கு-வுக்கும் அங்கே அந்த ஒரே ‘கோ’தான். ‘பச்சே கோ தேகோ’ என்றால் குழந்தையைப் பார். ‘பச்சே கோ தூத் தோ’ என்றால் குழந்தைக்குப் பால் கொடு. அதனால் ‘நாய் பூனைக்குக் கடிக்குது’, ‘தம்பியைச் சோறு கொடு’ என்றெல்லாம் வரும். வந்தால் பயப்படாதீர்கள், அது மந்தம் கிடையாது, மொழிபெயர்ப்பு. இதற்கென்று ஒரு படஜோடி தயார் செய்யுங்கள். அம்மா குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், அம்மா குழந்தைக்குச் சோறு கொடுக்கிறாள். முதல் படத்தில் சிவப்புக் கிளிப், இரண்டாவதில் நீலம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடறல் வேறு மாதிரி. மலையாளத்தில் அவன், அவள், நான் எல்லாருக்கும் ‘வந்நு’ ஒன்றுதான் என்பதால் வந்தான், வந்தாள், வந்தேன் என்று பிரிப்பதற்கு அவர்களோடு ஓர் ஆண்டு மல்லுக்கட்டினேன். உங்கள் பிள்ளைகளுக்கு ஆண்பால் பெண்பால் புதிதில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு அது கூடுதலாகவே தெரியும். இந்தியில் மேசை பெண்பால், வீடு ஆண்பால். தமிழில் மேசை, வீடு, மாடு, காற்றாலை எல்லாம் ‘அது’ என்று தெரிந்ததும் அவர்களுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். படங்களை இரண்டு கூடையில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒன்றில் மனிதர்கள், மற்றதில் மீதி எல்லாம். உயர்திணை, அஃறிணை என்று பெயர் சொல்லாமலே பாடம் முடிந்தது. ‘பூனைகள் குடிக்கின்றன’ இப்போதைக்கு வேண்டாம். நம்மில் யார் அப்படிப் பேசுகிறோம்?

காலத்துக்கு வருகிறேன். நின்றுபோன ஒரு படத்துக்குள் நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது. வரிசையாக வைத்தால்தான் காலம் தெரியும். அந்த வரிசைக்கு நீங்கள் கடைக்குப் போக வேண்டாம், சூளையிலேயே இருக்கிறது. மண் குழைப்பது, கல் அறுப்பது, வெயிலில் காய வைப்பது, சூளையில் அடுக்குவது, தீ மூட்டுவது. ஐந்து படம். செல்போனில் எடுக்கலாம், பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், முகம் தெரிகிற படத்தை எங்கேயும் பகிர வேண்டாம். குச்சி மனிதர்களாக வரைந்தாலும் போதும். ஐந்தையும் வரிசையில் வைத்து மூன்றாவது படத்தில் விரலை வையுங்கள். விரல் இருக்கிற இடம்தான் இப்போது. மண் குழைத்தார், கல் அறுத்தார், இப்போது காய வைக்கிறார், அப்புறம் அடுக்குவார், தீ மூட்டுவார். விரலை நான்காவதுக்கு நகர்த்துங்கள். வைக்கிறார் என்பது வைத்தார் ஆகிவிடும், அடுக்குவார் என்பது அடுக்குகிறார் ஆகிவிடும். விரலை ஒரு பிள்ளை நகர்த்தட்டும், மற்றவர்கள் சொல்லட்டும். அப்பா அம்மா செய்கிற வேலை என்பதால் உங்களைவிட அவர்களுக்கு இதில் விஷயம் தெரியும். நீங்கள் வரிசையைத் தப்பாக வைத்துப் பாருங்கள், உடனே திருத்துவார்கள்.

இந்த ஐந்து வினைகளை வேண்டுமென்றேதான் சொன்னேன். குழைத்தார், அறுத்தார், வைத்தார் மூன்றும் ஒரே அச்சு. எதிர்காலத்தில் குழைப்பார், அறுப்பார், வைப்பார். அடுக்கினார், மூட்டினார் வேறோர் அச்சு. அடுக்குவார், மூட்டுவார். ஒரே அச்சில் உள்ளவற்றைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த வினையைப் பிள்ளை தானே வார்த்துக்கொள்ளும். வா, போ, நில், தா மாதிரி அடங்காதவை இருக்கின்றன, அவை காதால் வரட்டும்.

இடத்தைச் சொல்லும் ‘இல்’ பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் சார்ட்டில் மரம், வீடு, ஆறு மூன்றும் கட்டாயம் இருக்கும். மூன்றுமே வம்பு பிடித்தவை. மரத்தில், வீட்டில், ஆற்றில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உருமாறும். ‘மரம்’ என்று படித்த பிள்ளை ‘மரமில்’ என்றால் அதன் மேல் என்ன குற்றம்? முதலில் உருமாறாத சொற்களை எடுங்கள். கூடையில், பெட்டியில், சட்டியில், தலையில், கையில். பூனையைக் கூடையில் போடுங்கள், சட்டியில் போடுங்கள், தலையில் வையுங்கள். இரண்டு வாரம் போகட்டும். பிறகு ‘ம்’ முடிவுச் சொற்களை ஒரே கூட்டமாக இறக்குங்கள். மரத்தில், படத்தில், குளத்தில், வள்ளத்தில். வீடும் ஆறும் அதற்கும் பிறகு.

வண்ண அட்டை முறை ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். இங்கிலாந்தில் பேச்சுப் பயிற்சி நிபுணர் அலிசன் பிரையன் 1997இல் எழுதியது. யார் என்பதற்கு ஆரஞ்சு, என்ன செய்கிறார் என்பதற்கு மஞ்சள், எதை என்பதற்குப் பச்சை, எங்கே என்பதற்கு நீலம். பேச்சு தாமதமான பிள்ளைகளுக்காக வந்தது, மொழி கற்பவர்களுக்கும் நன்றாகவே உதவும். ஆனால் ஆங்கிலத்துக்கு அடுக்கிய வரிசையை அப்படியே எடுத்தால் மஞ்சள் இரண்டாவதாக வந்து, ‘அம்மா கழுவுகிறாள் பாத்திரம்’ என்று ஆகிவிடும். நமக்கு மஞ்சள் கடைசியில். மற்ற மூன்றும் எப்படி நின்றாலும் பாதகமில்லை.

இலக்கணத்தை இலக்கணமாகவே நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் அவர்கள் பேசிப் பழகிய வாக்கியத்தைப் பலகையில் எழுதிக் காட்டி, வாலில் கோடு போட்டால் போதும். தவறு வந்தால் நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘நாய் பூனைக்குக் கடிக்குது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், “ஆமா, நாய் பூனையைக் கடிக்குது, அப்புறம்?” என்று சரியானதைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பேசும்போது ‘குடிக்குது’, படத்தின் அடியில் எழுதும்போது ‘குடிக்கிறது’. இரண்டும் இருக்கட்டும். உள்ளூர்ப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து ‘எனக்க பென்சில்’, ‘அவனுக்க பை’ என்று சொன்னால் தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். நம் மாவட்டத்துத் தமிழே அதுதானே! அது வாயில் வருகிறதென்றால் வகுப்புக்கு வெளியேயும் அவர்களுக்குத் தமிழ் கிடைக்கிறது என்று அர்த்தம். என்னுடைய, அவனுடைய எல்லாம் எழுத்தில் சேர்ந்துகொள்ளும்.

வாய் திறக்காத பையன்கள் இருவரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். புது மொழிக்குள் வருகிற பிள்ளை சில மாதம் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். படம் எடுக்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். ‘பூனை நாயை நக்குது’ என்று கேட்டுச் சரியான படத்தை எடுக்கிறான் என்றால் அவனுக்குள் வாக்கியம் உட்கார்ந்துவிட்டது, வெளியே வர நாளாகும். விரலை நகர்த்துகிற வேலையும் அவர்களுக்கே. ஒன்றை மட்டும் விசாரியுங்கள். வீட்டில் தங்கள் மொழியில் பேசுகிறார்களா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறார்களா? இல்லை என்று அம்மா சொன்னால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காதைச் சோதித்துவிடுவது நல்லது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேரும் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்களா? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையை வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மழை பிடித்து வேலை நின்றால் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிடும். அதற்குள் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை ஒருமுறை பார்த்துப் பேசுங்கள்.

சார்ட்டுகளைத் தூர எறிய வேண்டாம். நாயையும் பூனையையும் வெட்டி எடுத்துக் காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள், தரையில் பரப்புகிற படங்களுக்கு அதுதான் வசதி. ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு செங்கல் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்கா பஞ்சம்?